ஆன்லைன் வகுப்பு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தாச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 6, 7ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவன். வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பதால் ஆசிரியர் புலம்பலும் தெரியும், பெற்றோர் புலம்பலும் தெரியும். மாதக்கணக்கில் ஸ்கிரீனைப் பார்த்துப் படித்துவிட்டுப் பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பும்போது பெற்றோர் கூட்டத்திலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கொரோனாவுக்காக மூடியிருந்தாலும் சரி, வெள்ளத்துக்காக மூடியிருந்தாலும் சரி, உடம்பு முடியாமல் ஒரே ஒரு பிள்ளை மட்டும் வீட்டிலிருந்து படித்திருந்தாலும் சரி, திரும்பி வரும்போது படுகிற பாடு பெரும்பாலும் ஒன்றுதான்.

காலையில் கிளம்பும் நேரம் பார்த்து வயிறு வலிக்கிறது என்கிறாள். நடிக்கிறாளா?

நடிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. மனசு பதறினால் குடலும் சேர்ந்து பதறும். இன்டர்வியூவுக்குப் போகிற பெரியவர்களே கிளம்புவதற்கு முன் இரண்டு தடவை பாத்ரூம் போகிறோமே, அதே கதைதான். வலி நிஜம், காரணம்தான் வயிற்றில் இல்லை. எதற்கும் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பள்ளி நாள் காலையில் வந்து, 'சரி, இன்றைக்குப் போக வேண்டாம்' என்று சொன்ன அரை மணி நேரத்தில் காணாமல் போய், விடுமுறை நாளில் எட்டியே பார்க்காத வலி என்றால் பதற்றம்தான். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், தொடர்ந்து வாந்தி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பதற்றம்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்த தப்பு, பாவம் பார்த்து வீட்டில் நிறுத்திக்கொள்வது. நின்ற அன்றைக்கு வருகிற நிம்மதிதான் மறுநாள் காலையை இன்னும் கனமாக்கும். முழு நாள் முடியாது என்றால் கிளாஸ் டீச்சரிடம் பேசி முதல் இரண்டு பீரியட் மட்டும் உட்கார வையுங்கள், அதுவும் முடியாவிட்டால் பள்ளி வாசல் வரை போய்த் திரும்புங்கள், ஆனால் கிளம்புகிற பழக்கம் மட்டும் அறுந்துபோகக் கூடாது. 'எதுக்குப் பயப்படுறே?' என்று மொத்தமாகக் கேட்டால் 'தெரியல' என்றுதான் பதில் வரும். நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: பஸ்ஸா, பிரேயரா, சாப்பாட்டு நேரமா, பாத்ரூமா, எந்த பீரியட்? எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மொத்தப் பயமும் மொழிப் பாடத்தில் எழுந்து நின்று வாசிப்பதில்தான் இருந்தது. இரண்டு வாரம் அவளை வாசிக்கச் சொல்வதில்லை என்று டீச்சர் ஒப்புக்கொண்டார், வயிற்றுவலி நாலாவது நாள் போய்விட்டது.

ராத்திரி ஒரு மணிக்குத் தூங்கிப் பழகிவிட்டான். எப்படி மாற்றுவது?

ஒரே ராத்திரியில் மாறாது, 'பத்து மணிக்குப் படு' என்று விளக்கை அணைத்தால் இருட்டில் முழித்துக்கொண்டு கிடப்பான், அவ்வளவுதான். தூங்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைப் பிடியுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் எழுப்பி, எழுந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். காலை வெளிச்சம்தான் உடம்புக் கடிகாரத்தை முன்னால் தள்ளும். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி எழுந்தால் வாரம் முழுக்கப் பட்ட பாடு வீண்.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே தாமதமாகிறது, அதனால் அவர்கள் சீக்கிரம் தூங்காததைத் திமிர் என்று நினைத்துத் திட்டாதீர்கள். மொபைல் மட்டும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். உங்களுடையதும்தான்.

எவ்வளவு பாடம் விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. எல்லோரும் 'எந்தெந்தப் பாடம் நடக்கவில்லை' என்று புத்தகத்தின் பொருளடக்கத்தைப் புரட்டுகிறார்கள். பொருளடக்கத்தைப் பார்த்தால் எதுவுமே விட்டுப்போயிருக்காது, எல்லாம் 'நடத்தியாச்சு'. ஓட்டை இருப்பது பிள்ளையின் தலையில், அதுவும் பெரும்பாலும் இந்த வருடப் பாடத்தில் இருக்காது.

பள்ளி திறந்த முதல் வாரம் 7ஆம் வகுப்பில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன், பத்து கணக்கு, மார்க் கிடையாது. 3/4 + 1/6 என்ற கணக்குக்கு ஒரு பையன் 4/10 என்று போட்டிருந்தான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான், எல்லா வருடமும் யாராவது செய்கிற தவறுதான், மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுப்பதை இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எதற்கும் பக்கத்தில் கூப்பிட்டு '1/4 பெரிசா, 1/6 பெரிசா?' என்று கேட்டேன். '1/6தான் சார், ஆறு பெரிசுல்ல' என்றான். அப்போதுதான் விளங்கியது, இவனுக்குக் கூட்டல் பிரச்சினையே இல்லை, பின்னம் என்றால் என்ன என்பதே இறங்கவில்லை, அது இரண்டு மூன்று வகுப்புக்கு முந்தைய சமாச்சாரம். ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து ஒன்றை நாலாகவும் இன்னொன்றை ஆறாகவும் மடிக்கச் சொன்னேன். ஆறாக மடிப்பதற்குள் மூன்று காகிதம் கிழிந்தது. மடித்து முடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை. மொத்தம் இரண்டு பீரியட் ஆனது. மீ.சி.ம.வை நான் பத்து தடவை சொல்லியிருந்தாலும் அவன் பத்து தடவையும் தலையாட்டியிருப்பான்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இதுதான். போன வருடத்துக்கும் முந்தைய வருடத்துப் புத்தகத்தை எடுங்கள், நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், 'இதில் என்ன சொல்லியிருக்கிறான், உன் வார்த்தையில் சொல்லு' என்று கேளுங்கள், அந்த வருடக் கணக்கில் நாலு போடச் சொல்லுங்கள். சரளமாக வந்தால் ஒரு வருடம் முன்னால் வாருங்கள், திணறினால் இன்னும் ஒரு வருடம் பின்னால் போங்கள். எங்கே திணறல் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். வாய்ப்பாடு, பின்னம், வாசிப்பு, சொந்தமாக நாலு வரி எழுதுவது, இந்த நாலும் நேராக இருந்தால் மற்ற பாடங்கள் தானாகப் பின்னால் வரும். வரலாற்றில் ஒரு பாடம் போனால் அது மட்டும்தான் போகும். கணக்கில் ஒன்று போனால் அதற்கு மேல் கட்டியது எல்லாமே ஆடும்.

ஆன்லைன் தேர்வில் 95 எடுத்தவள், வகுப்பில் எழுதிய முதல் டெஸ்டில் 52. அப்படியானால் அந்த 95 பொய்யா?

விசாரணைக் கமிஷன் எல்லாம் வைக்காதீர்கள். பக்கத்தில் புத்தகம் இருந்திருக்கும், அக்கா இருந்திருப்பாள், உண்மையைச் சொன்னால் சில வீடுகளில் அப்பாவே இருந்திருப்பார். நடந்தது நடந்துவிட்டது. 52 வாங்கிய விடைத்தாளைக் கையில் எடுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. கடைசி இரண்டு கேள்விகள் தொடப்படாமல் இருந்தால் அது வேகம், எழுதிப் பழகினால் போதும். வழிமுறை சரி, நடுவில் கூட்டல் கழித்தல் தப்பு என்றால் பயிற்சிக் குறைவு. நடுப்பக்கத்தில் முழுக்கேள்வியும் வெறுமையாக இருந்தால்தான் பாடமே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றுக்கும் சேர்த்து 'ஒழுங்காப் படி' என்று சொல்லித் தீர்த்துவிடுகிறோம்.

எழுதவே மாட்டேன் என்கிறான், கை வலிக்கிறதாம்.

வலிக்கத்தான் செய்யும். எழுதுவதும் உடற்பயிற்சி மாதிரிதான், விட்டால் போய்விடும். டிக்டேஷன் போட்டால் அரைப்பக்கத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டை உதறுகிறார்கள், ஒரு வருடமாக நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியதிலும் ஆப்ஷனைத் தட்டியதிலும் வந்த வினை. ர-ற, ந-ன எல்லாம் இடம் மாறிக் கிடக்கும், கீபோர்டே சொல்லைக் கொடுத்துப் பழக்கிவிட்டது. தண்டனையாக ஐந்து பக்கம் எழுதச் சொன்னால் எழுத்து மேலேயே வெறுப்பு வந்துவிடும். நாளுக்கு ஐந்து நிமிடம் டைமர் வைத்து, அவனுக்குப் பிடித்த எதையாவது பார்த்து எழுதட்டும், கடைசியில் எத்தனை சொல் என்று எண்ணித் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். அழகு அப்புறம் வரும்.

வகுப்பில் 40 நிமிடம் உட்கார முடியவில்லை என்று டீச்சர் சொல்கிறார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு பாடம் கேட்டவன் அவன். கை தூக்குவது, தன் முறைக்குக் காத்திருப்பது, பக்கத்துப் பையன் இருமுவதைப் பொருட்படுத்தாமல் கேட்பது, பெல் அடிக்கும்வரை சிறுநீரை அடக்குவது, இதெல்லாம் ஒன்றாம் வகுப்பில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவை, மறந்துபோனால் மறுபடி மெல்ல மெல்லத்தான் வரும். வீட்டில் 15 நிமிடம் ஒரே வேலை, அப்புறம் எழுந்து நடை, மறுபடி 15 நிமிடம் என்று ஆரம்பியுங்கள். ஒரு பருவம் முழுக்கப் பார்த்தும் மாற்றம் இல்லை, பள்ளி மூடுவதற்கு முன்பும் இப்படித்தான் இருந்தான் என்றால் அப்போது காட்டுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு நடத்தாதீர்கள். நானும் நடத்தியவன்தான். ஓடிவிட்டு வந்த பிள்ளை உட்காருகிறது, ஓடாத பிள்ளை நெளிகிறது, கண்ணால் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

நான் 9ஆம் வகுப்பு. என் பழைய கும்பல் எல்லாம் வேறு வேறு ஆட்களோடு சேர்ந்துவிட்டார்கள். இடைவேளையில் யாரோடு நிற்பது என்றே தெரியவில்லை.

உன்னைப்போல் இன்னும் பத்துப் பேர் அதே வராந்தாவில் பாட்டிலில் தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருக்கிறார்கள், நான் தினமும் மாடியிலிருந்து பார்க்கிறேன். மாதக்கணக்கில் சின்னக் கட்டத்துக்குள் முகத்தை மட்டும் பார்த்தவர்கள் நீங்கள். முதல் நாள் ஒருத்தன் இன்னொருத்தனிடம் 'டேய், நீ இவ்ளோ உயரமா?' என்று கேட்டதைக் கேட்டேன், அது ஒன்றே போதும், அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரிகிறார்கள். கும்பலுக்குள் நுழையப் பார்க்காதே, அது கஷ்டம். தனியாக நிற்கிற ஒரு ஆளிடம் போய் 'நேத்து சயின்ஸ் ஹோம்வொர்க் என்ன குடுத்தாங்க?' என்று கேள், உனக்குத் தெரிந்திருந்தாலும் பரவாயில்லை. பழைய நண்பன் மாறிவிட்டான் என்றால் நீயும் மாறியிருக்கிறாய், அதில் துரோகம் எதுவும் இல்லை.

என் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்புதான் பிடித்திருந்தது, மார்க்கும் நன்றாக வந்தது. இப்போது வாடிப்போயிருக்கிறான்.

இப்படிச் சில பிள்ளைகள் நிஜமாகவே உண்டு, 'எல்லாப் பிள்ளைகளும் பள்ளி திறந்ததில் சந்தோஷம்' என்று நாம் சொல்லும்போது இவர்கள் கணக்கில் வருவதில்லை. கூச்சப்படுகிறவன், திக்கிப் பேசுகிறவன், சத்தம் தாங்காதவன். சாட்டில் அழகாகப் பதில் எழுதினான், இப்போது வாய் திறக்க வேண்டியிருக்கிறது. அவன் ஆசிரியரிடம் சொல்லிப் பதிலைச் சீட்டில் எழுதிக் கொடுக்க அனுமதி கேளுங்கள், கொஞ்ச நாளைக்கு. இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, அதை முதலில் விசாரித்துவிடுங்கள்: பள்ளியில் அவனை யாராவது சீண்டிக்கொண்டிருந்தார்களா? வீட்டிலிருந்த காலம் அவனுக்கு அதிலிருந்து கிடைத்த விடுதலையாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது பிள்ளையை இல்லை, பள்ளியை. தேதி, இடம், நடந்தது எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள்.

டியூஷன் போடலாமா?

எது போய்ச் சேரவில்லை என்று தெரியாமல் போட்டால், பள்ளியில் புரியாத அதே பாடத்தைச் சாயங்காலம் இன்னொரு தடவை புரியாமல் கேட்பான். தெரிந்துகொண்டு, அந்த ஓட்டைக்கு மட்டும், வாரத்தில் மூன்று நாள், மூன்று நாலு பேருக்கு மேல் இல்லாத குழுவில் என்றால் சரி.

மொபைலைப் பிடுங்கி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகுமா?

நேற்றுவரை 'போனை எடுத்துக் கிளாஸ்ல உட்காரு' என்று நாமே கொடுத்தது. திடீரென்று பிடுங்கினால் சண்டைதான் மிச்சம். வகுப்பு நேரத்துக்கும் வீட்டுப்பாடத்துக்கும் இனி போன் தேவையில்லை என்பதை மட்டும் உறுதியாக்குங்கள், சந்தேகம் என்றால் நோட்டில் எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் கேட்கட்டும். 'ஹோம்வொர்க் குரூப்ல இருக்கு' என்ற சாக்கைப் பள்ளிகளே கொடுக்காமல் இருந்தால் பெரிய உதவி. பழைய டைரி எங்கே போனது?

கண்ணைச் சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். பலகை தெரியாததைப் பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். சீனாவில் ஓர் ஊரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து வந்தார்கள். 2015 முதல் 2019 வரை 6 வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் எந்த வருடமும் 6 சதவீதத்தைத் தாண்டவில்லை, வீட்டடங்குக்குப் பிறகு 2020இல் 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார்ப்பது என்ற விதி கண் களைப்புக்கு நல்லது, கிட்டப்பார்வை வராமல் தடுக்க வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருப்பதுதான் வழி. மேலே பி.டி. பீரியடைப் பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளவும்.

அடிக்கடி சளி, காய்ச்சல் வருகிறதே?

கூட்டத்துக்குள் திரும்பியதும் கொஞ்ச நாளைக்கு வரும். கை கழுவும் பழக்கம், காய்ச்சலோடு அனுப்பாமல் இருப்பது, அவ்வளவுதான். ஆனால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 2021இல் மட்டும் உலகம் முழுக்க 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பூசியில் ஒரு தவணையாவது தவறவிட்டார்கள்.

நான் ஆசிரியை. போர்ஷனை முடிப்பதா, பழையதைச் சொல்லிக்கொடுப்பதா? மேலிடத்தில் போர்ஷனைத்தான் கேட்கிறார்கள்.

2005 அக்டோபரில் பாகிஸ்தானில் பெரிய நிலநடுக்கம். பாதிக்கப்பட்ட பகுதிகளில் பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடிக்கிடந்தன. நாலு வருடம் கழித்துப் போய்ச் சோதித்தால், அந்தப் பிள்ளைகள் மூன்று மாதம் பின்தங்கியிருக்கவில்லை, ஒன்றரை வருடப் படிப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம்: திறந்ததும் வகுப்புகள் எதுவுமே நடக்காததுபோல் அந்தந்த வருடப் பாடத்தை ஓட்டியிருக்கும், புரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்கும். அதாவது மூடியிருந்த காலத்தில் போனதைவிடத் திறந்த பிறகு போனது அதிகம்.

கொரோனாவில், 2020 ஏப்ரலில், 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத 10 வயதுக் குழந்தைகள் 57 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகியிருப்பார்கள் என்று உலக வங்கி, யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் 2022இல் மதிப்பிட்டன. இந்த நிலைமையில் போர்ஷனை 'முடிப்பது' என்றால் யாருக்கு முடிப்பது?

நான் செய்தது: முதல் ஆறு வாரம் பீரியடின் முதல் 20 நிமிடம் பழையது, மிச்சம் புதியது. வகுப்பை எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்று பார்த்து மூன்று குழுவாகப் பிரித்தேன், மாதம் ஒருமுறை கலைத்தேன், இல்லாவிட்டால் 'மக்குக் குழு' என்று பெயர் வந்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற பயிற்சிகளில் பாதியை வெட்டினேன். பதிவேட்டில் மூன்று வாரம் பின்தங்கினேன், மேலிடத்தில் திட்டும் வாங்கினேன், துண்டுச் சீட்டுகளைக் கொண்டுபோய் மேசையில் பரப்பிக் காட்டிய பிறகு கொஞ்சம் விட்டார்கள். நீங்களும் ஆதாரத்தோடு போங்கள். ஆதங்கத்தோடு மட்டும் போனால் எடுபடாது.

பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்?

தூக்கம் இரண்டு மூன்று வாரம், உட்காருவதும் நட்பும் ஒரு பருவம், பாடம் ஒரு வருடத்துக்குக் குறையாது. இது என் அனுபவக் கணக்கு, உங்கள் பிள்ளைக்குக் கூடலாம், குறையலாம். ஒரு மாதத்துக்கு மேல் பள்ளிக்கே போகவில்லை, சாப்பிடவில்லை, பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டான் அல்லது 'நான் இருந்து என்ன' என்பதுபோல் பேசுகிறான் என்றால் நாள் எண்ணாதீர்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்ட அன்றைக்கே மனநல ஆலோசகரிடமோ டாக்டரிடமோ கூட்டிப்போங்கள்.

மறுபடியும் மூடிவிட்டால் என்ன செய்வது?

1937இல் போலியோ பரவியபோது சிகாகோவில் பள்ளிகளைத் திறக்காமல் ரேடியோவில் பாடம் நடத்தினார்கள், எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்கு என்று செய்தித்தாளில் போட்டார்கள். கூடவே சந்தேகம் கேட்க டெலிபோன் பக்கத்தில் ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது ரேடியோ இல்லை, அந்த டெலிபோன். அடுத்த தடவை மூடினால் வீடியோ அனுப்புவதோடு நிற்காமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு பத்து நிமிடம் போன் போட்டு ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, ஒரு கணக்கை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறேன், அதற்கு ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். என் வகுப்பில் 38 பேர். ஒரு நாளைக்கு ஏழு பேர் என்றால் ஆறு நாளில் முடிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை எனக்கு.